கல்யாணம் இன்னும் தேவையா? மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்தில் போட்டோகாப்பி எடுத்து, படிவம் நிரப்பிக் கொடுக்கிற சின்னக் கடை என்னுடையது. சேமலாப நிதி (தொழிலாளர் ஓய்வுகாலச் சேமிப்பு), அஸ்வெசும (அரசு நலக் கொடுப்பனவு), அடையாள அட்டை என்று எந்தப் படிவத்தை எடுத்தாலும் நடுவில் ஓர் இடத்தில் ‘விவாகமானவரா?’ என்று கேட்டிருக்கும். அந்தக் கட்டத்துக்கு வந்ததும் பேச்சு படிவத்தை விட்டு வேறு எங்கேயோ போய்விடும். அப்படி வந்த கேள்விகள்தான் இவை. நான் சட்டத்தரணி இல்லை. சட்டம் பற்றிச் சொல்லியிருப்பது பொதுவான விளக்கம். உங்கள் விஷயத்துக்கு ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள். கையில் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

நேரடியாகவே கேட்கிறேன். இந்தக் காலத்தில் கல்யாணம் தேவையா?

எதற்கு என்பதைப் பொறுத்தது. ஊர் வாயை அடைக்க, பெண்ணைக் கரை சேர்க்க, பையனுக்குச் சோறாக்கிப் போட ஓர் ஆள் பிடிக்க என்றால் தேவையில்லை. கரை சேர்க்க அவள் என்ன மகாவலி வெள்ளத்திலா கிடக்கிறாள்? சோற்றுக்கு ரைஸ் குக்கர் இருக்கிறது. இரண்டு பேர் சேர்ந்து ஒரு குடும்பம் நடத்தும்போது, நாளைக்கு ஒருவர் விழுந்தால் மற்றவருக்கும் பிள்ளைகளுக்கும் என்ன மிஞ்சும் என்று ஒரு கேள்வி இருக்கிறதே, அதற்குத்தான் தேவை. நம் பக்கத்தில் முதலில் சொன்ன காரணங்களுக்காகக் கடன் வாங்கிச் செலவழிக்கிறோம். இதற்காக ஒரு நாள் பிரதேச செயலகத்துக்குப் போக மாட்டோம். என் சண்டை அதோடுதான்.

தாலி கட்டியாச்சு, ஊரே பார்த்தது. ரெஜிஸ்டர் பண்ணாவிட்டால் என்ன?

கல்யாணம் செல்லுமா என்றால், செல்லும் என்றே இலங்கை நீதிமன்றங்கள் பல வழக்குகளில் சொல்லியிருக்கின்றன. முறைப்படி தாலி கட்டி, கூறை கொடுத்து நடந்ததை வழக்காற்றுத் திருமணமாக ஏற்றுக்கொள்வார்கள். நீண்ட காலம் கணவன் மனைவியாக வாழ்ந்து, ஊரும் அப்படியே நினைத்துவந்தால், கல்யாணம் நடந்ததாக எடுத்துக்கொள்ளவும் சட்டத்தில் இடமுண்டு.

சரி, நீங்கள் போகப்போவது நீதிமன்றத்துக்கா, கவுன்டருக்கா? கவுன்டரில் இருப்பவருக்கு வழக்காறு தெரியாது, சான்றிதழ்தான் தெரியும். கணவர் இறந்தபின் அவருடைய சேமலாப நிதியைக் கேட்டு எழுத ஓர் அம்மா கடைக்கு வந்தார். கையில் ஒரு சொப்பிங் பை. அதற்குள் மங்கிப்போன கல்யாணப் போட்டோ, மொய் நோட்டு, மாரியம்மன் கோயில் ரசீது, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள். கல்யாணச் சான்றிதழ் மட்டும் இல்லை. பிள்ளைகளின் சான்றிதழைப் பிரித்தால், ‘பெற்றோர் விவாகஞ் செய்தவர்களா?’ என்ற பழைய கட்டத்தில் ‘இல்லை’ என்று சிங்களத்தில் எழுதியிருந்தது. பிள்ளை பிறந்து பதியப் போனபோது சான்றிதழ் கேட்டிருக்கிறார்கள், இல்லை என்றதும் எழுதிவிட்டார்கள். மூத்த மகனுக்கே கல்யாண வயதாகிறது. அதுவரை அந்தக் கட்டத்தில் என்ன இருக்கிறது என்று அந்த அம்மாவுக்கு யாரும் வாசித்துச் சொல்லவில்லை. கணவர் பின்னுரித்தாளியாக, அதாவது தனக்குப் பிறகு பணத்தைப் பெறுபவராக, மனைவி பெயரை எழுதி வைத்திருந்தாலாவது வேலை சுலபமாக முடிந்திருக்கும். அவர் வேலைக்குச் சேர்ந்த வயதில் தன் அம்மா பெயரைப் போட்டிருந்தார். அவருடைய தாய் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருடம். அப்புறம் என்ன, சத்தியக் கடதாசி, கிராம சேவகர் கடிதம், சாட்சி என்று அலைச்சல்தான். தாலி கட்டியதைப் பார்த்த ஊரில் பாதிப் பேர் உயிரோடு இல்லை.

சொத்து விஷயமும் இதேதான். யாழ்ப்பாணத் தமிழரின் சொத்துச் சட்டமான தேசவழமை நமக்குப் பொருந்தாது. உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால் மலையகத் தமிழருக்கு 1876ஆம் ஆண்டின் பொதுச் சட்டம்தான்: பாதி துணைக்கு, மீதி பிள்ளைகளுக்கு. பெற்றோருக்குச் சட்டப்படி கல்யாணம் ஆகவில்லை என்று முடிவானால், பிள்ளைகளுக்குத் தகப்பன் வழிச் சொத்தில் வாரிசுரிமை இல்லாமல் போகும். “நம்மகிட்ட என்ன சொத்து இருக்கு?” என்று சிரிப்பார்கள். தோட்டத்து வரிசை வீடான லயத்துக் காம்பராவில் இருந்தவரை அந்தச் சிரிப்பு சரி. இப்போது காணி, புதுவீடு, காணி உறுதிப் பத்திரம் என்று பேச்சு வந்துவிட்டது. உறுதி வரும் வீட்டில் சிரிக்க முடியாது.

கல்யாணமாகி இருபது வருடம் ஆகிறது. இப்போது போய் ரெஜிஸ்டர் பண்ணினால் சிரிக்க மாட்டார்களா?

பதிவாளர்கள் இதைவிடப் பெரிய பெரிய விஷயமெல்லாம் பார்த்தவர்கள். தாராளமாகப் போங்கள். சான்றிதழில் பதிவு நடந்த நாள்தான் இருக்கும், அது பரவாயில்லை. பிள்ளை பிறந்த பிறகு பெற்றோர் சட்டப்படி மணந்தால் அந்தப் பிள்ளையும் சட்டபூர்வப் பிள்ளையே என்று திருமணப் பதிவுச் சட்டத்திலேயே இருக்கிறது. பிள்ளை உண்டான நேரத்தில் இருவரில் யாரும் வேறொருவருக்குச் சட்டப்படி கணவனாகவோ மனைவியாகவோ இருந்திருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

நம் தாத்தா பாட்டி யாரும் ரெஜிஸ்டர் பண்ணவில்லையே. என்ன குறைந்துபோனார்கள்?

நிறையவே குறைந்துபோனார்கள்.

கங்காணி (தமிழ்நாட்டிலிருந்து தோட்டத்துக்கு ஆள் சேர்த்தவர்) தன் ஊர் ஆட்களையும் சாதி ஆட்களையும் திரட்டிக்கொண்டு வந்த காலத்தில், கல்யாணத்துக்குச் சாட்சி கங்காணியும் கோயிலும்தான். 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து நம் ஆட்களை நாடற்றவர்களாக்கியது. அடுத்த வருடம் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் வந்தது. அதில் விண்ணப்பிக்க 1946 ஜனவரி 1க்கு முன்னால் தொடர்ந்து இங்கே வசித்திருக்க வேண்டும். கல்யாணமானவருக்கு 7 வருடம், ஆகாதவருக்கு 10 வருடம். கல்யாணம் என்ற ஒன்று மூன்று வருடத்துக்குச் சமமாக நின்ற காலம் அது. கல்யாணமானவர் மனைவியும் சிறு பிள்ளைகளும் இங்கேயே வசித்ததையும் காட்ட வேண்டும். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் பெயர் கூப்பிட்டதைத் தவிர வேறு பதிவே இல்லாதவர்கள் எதைக் காட்டுவார்கள்?

அப்புறம் 1964 ஒப்பந்தம். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று இலங்கை, இந்தியப் பிரதமர்கள் இருவரும் பங்கு பிரித்தார்கள். மீதி 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். ஒரே லயத்தில் அண்ணன் குடும்பம் தலைமன்னாருக்கு ரயிலேற, தம்பி குடும்பம் நின்று பார்த்த கதை எந்தத் தோட்டத்திலும் கேட்கலாம். மிச்சமிருந்த நாடற்றவர்களின் பிரச்சினை 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடுதான் ஓய்ந்தது. தாயின் பிரஜாவுரிமை வழியாகப் பிள்ளைக்குப் பிரஜாவுரிமை கிடைக்கும் என்ற திருத்தமும் அதே 2003இல்தான் வந்தது. அதுவரை, மணந்த பெற்றோரின் பிள்ளைக்குத் தகப்பன் வழி மட்டும்.

கடதாசி இல்லாமல் போனதற்கு அவர்களுடைய சோம்பேறித்தனம்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். பதிவாளரிடம் போனால் ஒரு நாள் பேர், அதாவது கூலி, போகும். தோட்டத்து மேலாளரான தொரையிடம் லீவு கேட்க வேண்டும். போனால் அங்கே தமிழ் இருக்காது. இன்றைக்கு நமக்கு அந்தச் சாக்கில் பாதிதான் இருக்கிறது.

கொழும்பில் வேலை செய்கிறோம். பிடித்தவரோடு சேர்ந்து வாழ்கிறோம். அது போதாதா?

வயது வந்த இருவர் சேர்ந்து வாழ்வது இங்கே குற்றமில்லை. அதே நேரம் சட்டம் அதற்கென்று ஓர் அந்தஸ்தும் தரவில்லை. உங்களுக்கு எது கிடைக்கும், எது கிடைக்காது என்று தெரிந்துகொண்டு வாழுங்கள்.

அடித்தால் பாதுகாப்பு உண்டு: 2005ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் சேர்ந்து வாழும் துணையையும் சேர்த்தே பேசுகிறது. பிள்ளைக்குத் தாபரிப்பு (பராமரிப்புப் பணம்) உண்டு: 1999ஆம் ஆண்டின் தாபரிப்புச் சட்டத்தில் பெற்றோர் மணந்தவர்களா என்ற பேதம் இல்லை. உங்களுக்கென்று தாபரிப்பு கேட்க முடியாது, அது கணவன் மனைவிக்கு மட்டும். அவர் உயில் எழுதாமல் இறந்துவிட்டால் அவர் சொத்தில் உங்களுக்கு ஒன்றும் இல்லை. வாடகை வீட்டுக்குக் கொடுத்த முற்பணம் யார் பெயரில், சீட்டு யார் பெயரில், த்ரீவீலர் லீசிங் யார் பெயரில், கட்டுவது யார்? இந்த நாலுக்கும் பதில் தெரிந்த பெண் சேர்ந்து வாழ்ந்தால் எனக்கு ஒரு கவலையும் இல்லை. பெரும்பாலும் கட்டுவது அவளாகவும் பெயர் அவனுடையதாகவும் இருக்கிறது. அங்கேதான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

இன்னொன்று, இதைக் கொழும்பு நாகரிகம் என்று திட்டுகிற பெரியவர்களுக்கு: பதியாத கல்யாணங்களை எண்ணினால், சான்றிதழ் கேட்கும் கவுன்டருக்கு நம் லயங்களிலும் அதே கணக்குத்தான்.

16 வயது மகள் ஒரு பையனோடு போய்விட்டாள். கோயிலில் தாலி கட்டி வைத்துவிட்டால் மானம் மிஞ்சுமே?

வேண்டாம். 1995 திருத்தத்தோடு ஆணுக்கும் பெண்ணுக்கும் கல்யாண வயது 18. அதற்கு முன் பொதுச் சட்டத்தில் பெண்ணுக்கு 12ஆக இருந்தது என்றால் நம்புவீர்களா? இப்போது அப்பா அம்மா சம்மதித்துக் கையெழுத்துப் போட்டாலும் 18க்குக் கீழே பதிவு நடக்காது. முஸ்லிம்களுக்கு மட்டும் தனிச் சட்டம். பெண் 16க்கும் கீழே என்றால், அவள் சம்மதித்தாள் என்ற பேச்சுக்கே இடமில்லை. பையன் மேல் பாலியல் வன்புணர்வு வழக்கு வரும்.

கோயில் தாலி அவளுக்கு எதையும் தராது. பதிவு இல்லை, வயது இல்லை, அடுத்த வருடம் வயிற்றில் பிள்ளை. அவன் போய்விட்டால் யாரிடம் என்ன கேட்பாள்? கூட்டி வந்து வீட்டில் வையுங்கள். சாதாரண தரப் பரீட்சைக்கு அனுப்புங்கள். 18 ஆன பிறகும் அவனேதான் வேண்டும் என்றால் அப்போது பேசலாம். பாதி விஷயத்தில் அந்தப் பேச்சுக்கே தேவை வராது. அவளை யாரும் மிரட்டினாலோ அடைத்து வைத்தாலோ 1929 என்ற சிறுவர் உதவி எண்ணுக்கு எடுங்கள். அக்கம் பக்கம் பேசுமா? பேசும். அடுத்த லயத்தில் வேறு விஷயம் கிடைக்கும்வரை பேசும்.

தாய்மாமனுக்கே பெண்ணைக் கொடுப்பது நம் வழக்கம். பதிவாளர் முடியாது என்கிறாரே?

அவர் சொல்வது சரி. அத்தை மகன், மாமன் மகள் கட்டலாம், தடையில்லை. அக்காள் மகளை மாமன் கட்டுவது தமிழ்நாட்டில் நடக்கும். இலங்கைப் பொதுத் திருமணச் சட்டத்தில் அந்த உறவு தடைசெய்யப்பட்டது. கட்டினாலும் செல்லாது. ‘வழக்கம்’ என்று சொல்லி நீதிமன்றத்திலும் தப்ப முடியாது. மாமன் சீர் செய்யட்டும், தோடு போடட்டும், பந்தலில் முன்னால் நிற்கட்டும். மாப்பிள்ளை மணையில் வேறு ஒருவரை உட்கார வையுங்கள்.

வேறு சாதி, வேறு மதம், சிங்களப் பையன் என்றால்?

சட்டத்துக்கு ஒரு கவலையும் இல்லை. பொதுச் சட்டத்தின்கீழ் பதிந்துகொள்ளலாம். கவலை எல்லாம் நமக்குத்தான். சிங்களப் பையனைக்கூட ஒரு சித்திரை வருடப் பிறப்புக்குள் வீட்டில் ஏற்றுக்கொள்கிறார்கள், சிங்களப் பலகாரமான கொக்கிஸ் வேறு வந்து சேர்கிறது. அடுத்த லயத்துச் ‘சின்ன சாதி’ப் பையனை மூன்று வருடம் கழித்தும் வாசலோடு நிறுத்துகிறார்கள். கங்காணி காலத்தில் லயத்தையே சாதி பார்த்துப் பிரித்தார்கள். லயம் இடிந்து தனிவீடு வந்த பிறகும் கல்யாணப் பேச்சில் அந்தச் சுவர் அப்படியே நிற்கிறது. ஒரே மலையில் கொழுந்தெடுத்து, ஒரே தராசில் நிறுத்து, ஒரே சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறவர்கள்! எனக்கு இது விளங்கவே இல்லை.

மகள் கார்மெண்டில் வேலை செய்கிறாள். கல்யாணச் செலவுக்கு அவளுடைய சேமலாப நிதியை எடுக்கலாமா?

எடுக்கலாம். கல்யாணத்தை முன்னிட்டு வேலையை விடும் பெண் தன் நிதியைப் பெற்றுக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. ஆண்களுக்கு இது கிடையாது. சாதாரணமாக ஆண் 55 வயதிலும் பெண் 50 வயதிலும் எடுப்பதுதான் முறை. 1958இல் இந்தச் சட்டத்தை எழுதியவர்கள், கல்யாணமானால் பெண் வீட்டோடு இருந்துவிடுவாள் என்று நினைத்திருப்பார்கள் போல. ஒரு தோட்டத்தை எட்டிப் பார்த்திருந்தால் அப்படி நினைத்திருக்க மாட்டார்கள்.

எடுக்கலாம் என்பது வேறு, எடுக்கணுமா என்பது வேறு. மாதா மாதம் அவள் சம்பளத்தில் 8 வீதம், முதலாளி பங்கு 12 வீதம் என்று சேர்ந்த காசு அது. அவளுடைய வயதான காலம் அதற்குள் இருக்கிறது. அதைக் கொண்டுபோய் மண்டபத்துக்கும் மேடைப் பூவுக்கும் கொடுக்கிறோம். இன்னொரு சிக்கலும் உண்டு. விண்ணப்பத்துக்குக் கல்யாணச் சான்றிதழ் வேண்டும், மண்டபக்காரருக்கு முற்பணம் அதற்கு முன்பே வேண்டும். ஆக, முதலில் வட்டிக்கு வாங்குகிறார்கள். நிதி கைக்கு வரும்போது பாதி வட்டிக்கே போய்விடும்.

கணக்குப் பார்ப்போம். 2024 செப்டம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாயானது. அந்தச் சம்பளத்தில் மாதம் 25 நாள் வேலைக்குப் பேர் விழுந்தால் 33,750. சேமலாப நிதிக்கு 2,700 கழியும். அப்புறம் சங்கச் சந்தா, முற்பணக் கழிவு. இந்தக் கையோடுதான் ஒரு தகப்பன் லட்சங்களில் கல்யாணம் பேசுகிறார்.

முன்பு லயத்து முற்றத்தில் நடந்த கல்யாணம் உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். இரண்டு வாழைமரம், தகரக் கூரையிலிருந்து கட்டி இழுத்த படங்கு, கானோரத்தில் கல் அடுப்பு. சாம்பாருக்குக் காய் வெட்டுவது ஒரு லயம், தேங்காய் துருவுவது இன்னொரு லயம். தப்புப் பறை அடிக்கிறவர்கள் தோலைத் தீயில் காட்டிக் காட்டி இறுக்குவார்கள். வாசலில் ஒரு மேசை, அதில் 80 பக்கக் கொப்பி, எழுதுகிறவர் கணக்கப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து சத்தமாக வாசிப்பார்: பெயர், எத்தனையாம் நம்பர் லயம், எவ்வளவு. அந்தக் கொப்பி மொய்க் கணக்கு மட்டுமில்லை. யார் வீட்டுக்கு நாம் திருப்பிச் செய்ய வேண்டும் என்ற கடன் பதிவும் அதுவே. வட்டியில்லாத கடன். மண்டபக் கல்யாணத்தில் மொய் குறைந்து போனதாகச் சொல்கிறார்கள். பஸ் பிடித்து டவுனுக்கு வந்து, புதுச் சேலை எடுத்து, பிள்ளைக்குச் சப்பாத்து வாங்கி வருகிறவர் கையில் மொய்க்கு என்ன மிஞ்சும்?

இப்போது கல்யாணத்துக்கு முன்னால் படம் எடுப்பது வேறு. நுவரெலியா கிரகரி வாவியில் ஒரு படம், தேயிலை மலையில் ஒரு படம். தேயிலை மலை என்றால் பெண்ணின் அம்மா கொழுந்தெடுக்கிற மலை கிடையாது, வேறு தோட்டத்து மலை.

கல்யாணத்தைச் சின்னதாகச் செய்யுங்கள் என்று நான் சொன்னால் கேட்க மாட்டீர்கள் என்று தெரியும். ஆயிரம் காலத்துப் பயிர் என்பீர்கள். சரி, அவள் நிதியை மட்டும் தொடாதீர்கள்.

கல்யாணத்துக்குப் பிறகு என் சம்பளம் யாருடையது?

உங்களுடையது. பல தோட்டங்களில் மனைவியின் சம்பளத்தையும் கணவனே வாங்கிக்கொண்ட காலம் இருந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் என்பதே 1984இல்தான் வந்தது. இன்றைக்குச் சம்பளம் வங்கிக்குப் போகிறது, ஆனால் கார்டு யார் சட்டைப் பையில் என்று பாருங்கள். விடியப் பெரட்டுக்கு முன்னால் ரொட்டி தட்டி, பிள்ளையைப் பிள்ளைமடுவத்தில் விட்டு, 18 கிலோவுக்குக் குறையாமல் கொழுந்தெடுத்து, வந்து விறகு பொறுக்கிச் சமைக்கிறவளிடம் ரகசிய எண்ணைக் கேட்டால், “அவருக்குத்தான் தெரியும்” என்பாள். கல்யாணம் பண்ணும்போது இதையும் பேசி முடித்துவிடுங்கள். பரிசம் போடும்போது எவ்வளவோ பேசுகிறோம்.

வெளிநாடு போகக் கணவர் சம்மதம் வேண்டுமா?

வீட்டு வேலைக்குப் போகும் பெண்களுக்குக் குடும்பப் பின்னணி அறிக்கை என்ற ஒன்று 2013இலிருந்து இருக்கிறது. 5 வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால் போக முடியாது என்று தொடங்கி, 2022இல் அந்த வயதை 2ஆகக் குறைத்தார்கள். பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார் என்று அதில் காட்ட வேண்டும். பிள்ளையின் தகப்பன் கட்டாருக்குப் போகும்போது இப்படி யாரும் கேட்பதில்லை.

கணவர் அடிக்கிறார். ‘குடும்பம் என்றால் அப்படித்தான்’ என்கிறார்கள்.

அப்படியில்லை. நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். உடனடியாக 14 நாளுக்கு இடைக்காலக் கட்டளையும், பிறகு 12 மாதம் வரை கட்டளையும் கிடைக்கும். 1938 என்ற மகளிர் உதவி எண்ணுக்கு அழைக்கலாம். தாலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் இது பொருந்தும். தோட்டத்துச் சங்கத் தலைவரிடம் பஞ்சாயத்து வைப்பதுதான் நம் வழக்கம். ‘இனிமே கைவைக்க மாட்டேன்’ என்று எல்லார் முன்னாலும் சொல்லவைத்து, கூட்டி அனுப்பிவிடுவார்கள். அடுத்த சம்பள நாள் வரைதான் அந்தச் சொல் நிற்கும். தலைவரிடம் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. அவரிடம் போவதால் பொலிஸ் முறைப்பாட்டைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஏழு வருடம் பிரிந்திருந்தால் கல்யாணம் தானாகவே முறிந்துவிடுமாமே?

முறியாது. இது மலையகம் முழுக்கச் சுற்றும் கதை. ஏழு வருடம் ஆளைப் பற்றிய தகவலே இல்லை என்றால் இறந்ததாகக் கொள்ளலாம் என்று சாட்சியச் சட்டத்தில் ஒன்று இருக்கிறது. அதிலிருந்து இந்தக் கதை கிளம்பியிருக்கலாம். பொதுச் சட்டப்படி பதிந்த கல்யாணம் மாவட்ட நீதிமன்றத் தீர்ப்பால்தான் முறியும். முதலில் ஒரு தற்காலிகத் தீர்ப்பு, மூன்று மாதம் கழித்து அது முடிவானதாகும். அதற்குள் வேறு கல்யாணம் செய்தால் அது செல்லாது, குற்றமும்கூட.

காரணமும் மூன்றுதான்: பிறர்மனை உறவு, கெட்ட நோக்கோடு கைவிட்டுப் போனது, மணந்தபோதே இருந்த தீராத ஆண்மைக் குறைவு. ‘ஒத்துப்போகவில்லை, இருவரும் சம்மதிக்கிறோம்’ என்பது காரணமாகாது. அடிதடி நேரடியாகக் காரணம் இல்லை என்றாலும், அடி தாங்காமல் மனைவி வெளியேறினால், கைவிட்டவர் அடித்தவரே என்று வாதிட முடியும்.

இதில் ஒரு வேடிக்கை. கண்டிப் பகுதிச் சிங்களவருக்கான 1952ஆம் ஆண்டின் கண்டியச் சட்டப்படி பதிந்த தம்பதியினர், இருவரும் சம்மதித்தால் மாவட்டப் பதிவாளர் முன்னிலையிலேயே பிரிந்துவிடலாம். வழக்கு, சாட்சி, ஒருவர் மேல் ஒருவர் சேறு பூசுவது எதுவும் வேண்டாம். ஒரே கம்பளையில், ஒரே தெருவில், எதிர் எதிர் வீடு. ஒரு வீட்டுக்காரர் பதிவாளரிடம் போகிறார். எதிர்வீட்டுத் தமிழ்ப் பெண் வருடக்கணக்கில் நீதிமன்றப் படி ஏறுகிறாள். கண்டியருக்கு இருக்கிற இந்த ஒரு விஷயத்தை எல்லாருக்கும் கொடுத்தால் என்ன என்றுதான் நான் கேட்பேன். பிரிவது சுலபமானால் கல்யாணம் மலிந்துவிடும் என்கிறார்கள். வெளியே வரமுடியாது என்ற பயத்தில் பதியாமல் இருப்பவர்களை நான் பார்க்கிறேன்.

கல்யாணமே வேண்டாம் என்கிறாள் மகள். டீச்சர் வேலை இருக்கிறது.

விட்டுவிடுங்கள். அவளுக்குச் சம்பளம் இருக்கிறது, ஓய்வூதியம் இருக்கிறது, தங்கை பிள்ளைகள் இருக்கிறார்கள். கல்யாணத்தால் ஒரு பெண்ணுக்குக் கிடைக்க வேண்டிய பாதுகாப்பில் பெரும்பகுதியை அவள் தானே சம்பாதித்துவிட்டாள். மிச்சம் இருப்பது துணை. அதைப் பயமுறுத்திச் சேர்த்துவைக்க முடியாது. “எங்களுக்குப் பிறகு உனக்கு யார்?” என்று அழுகிற அம்மாக்கள், தங்களுக்கு யார் இருந்தார்கள் என்று ஒருமுறை யோசித்துப் பார்க்கலாம். ஒரு வேலை செய்யுங்கள்: வீட்டை, காணியைப் பிரிக்கும்போது ‘அவளுக்கு எதுக்கு, தனியாள்தானே’ என்று விட்டுவிடாமல் அவள் பங்கை அவள் பெயரில் எழுதுங்கள். நம் வீடுகளில் கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு நடக்கும் அநியாயம் பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இரண்டு பெண்கள், இரண்டு ஆண்கள் மணக்க முடியுமா?

இலங்கையில் முடியாது. ஒரே பாலினத்தவரின் உறவைக் குற்றமாக்கும் தண்டனைச் சட்டக் கோவையின் 365, 365ஏ பிரிவுகள் இன்னும் இருக்கின்றன. யார் அவர்களை ஏற்கிறார்கள், எதிர்க்கிறார்கள் என்பது வேறு பேச்சு. அப்படி வாழ்கிறவர்கள் நம் தோட்டங்களிலும் இருக்கிறார்கள். பின்னுரித்தாளி பெயரை மாற்றுவது, உயில் எழுதுவது இரண்டும் அவர்களுக்கும் முடியும். தள்ளிப்போடாமல் செய்துகொள்ளட்டும்.

கணவர் இறந்துவிட்டார். திரும்பக் கட்டலாமா?

கட்டலாம். வழக்கமான கடதாசிகளோடு முதல் கணவரின் மரணச் சான்றிதழும் வேண்டும். அரசாங்க வேலையில் இருந்தவரின் விதவைகள், அநாதைகள் ஓய்வூதியம் வாங்குகிறீர்கள் என்றால், மறுமணத்தால் அதற்கு என்ன ஆகும் என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். மற்றபடி நாற்பது வயதுப் பெண் மறுமணம் பேசினால் சிரிக்கிற ஊர், ஐம்பது வயது ஆணுக்கு அதே மாதத்தில் பெண் பார்க்கிறது. ஊரைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

சரி, ரெஜிஸ்டர் பண்ண என்ன கொண்டு போகணும்?

இருவரின் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை. முன்பு மணந்தவர் என்றால் விவாகரத்துத் தீர்ப்பு அல்லது மரணச் சான்றிதழ். அந்தப் பிரிவில் 10 நாளாவது வசித்திருக்க வேண்டும். பதிவாளரிடம் அறிவித்தல் கொடுத்து, 12 நாள் கழித்து, மூன்று மாதத்துக்குள் பதியலாம். அவசரம் என்றால் விசேட அனுமதிப்பத்திரம் உண்டு. இரண்டு சாட்சிகள். கட்டணம் கட்டினால் பதிவாளர் வீட்டுக்கோ மண்டபத்துக்கோ வருவார்.

கையெழுத்துப் போடும் முன் பெயர்களை எழுத்துக்கூட்டிப் பாருங்கள். பிறப்புச் சான்றிதழில் ‘ஜெயலெட்சுமி’, அடையாள அட்டையில் ‘ஜயலக்ஷ்மி’, கல்யாணச் சான்றிதழில் ‘ஜெயலச்சுமி’ என்று மூன்று பெண்களாக இருக்கிற ஒருத்தி என் கடைக்கு அடிக்கடி வருவாள். பெயர் மாறி மாறி வரும், ஆள் வகை ஒன்றுதான். படிவம் சிங்களத்தில் இருந்தால் வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள், பதினாறு வயதுத் தம்பியாக இருந்தாலும் பரவாயில்லை. முகூர்த்தத்தன்று மேளச் சத்தத்தில், கையில் மருதாணி காயாமல், கமராக்காரர் “இந்தப் பக்கம் பாருங்க” என்று கத்தும்போது யாரும் எழுத்துப் பார்ப்பதில்லை. அதனால் பதிவை முந்தைய வாரமே ஒரு சாதாரண நாளில் வைத்துக்கொள்ளுங்கள். வரும்போது மூன்று பிரதிக்குச் சேர்த்தே பணம் கட்டிவிட்டு வாருங்கள், பிறகு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக அலையத் தேவையில்லை.